வீட்டுக்காரர் எந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்?

பயிற்சி தொடங்கிய மூன்றாவது சனிக்கிழமை நான் டெய்லர் கடைக்காரியாக நடித்தேன். எங்கள் பயிற்சியாளர் கணவராக நடித்தார். வீட்டில் அடிபடும் ஒரு பெண்ணுக்கு நாம் போன் செய்கிறோம், அவள் எடுக்காமல் கணவன் எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்பது அன்றைய பாடம்.

"யாரு?" என்றார் பயிற்சியாளர், குரலை ஆண்குரலாகக் கரகரப்பாக்கிக்கொண்டு.

"டெய்லர் கடையிலேர்ந்துங்க. ப்ளவுஸ் தைச்சு ரெடியா இருக்கு, அதச் சொல்லலாம்னு..."

"எந்தக் கடை?"

"பாகலூர் ரோட்டுல."

"பாகலூர் ரோட்டுல எங்க? நான் ரோட்டுமேலதான் நின்னுக்கினு இருக்கறேன். நானே வந்து வாங்கிக்கறேன். இன்னா கலரு ப்ளவுஸ்?"

எனக்குக் கலர் வரவில்லை. ஏதோ ஒரு நிறத்தைச் சொல்வதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பயிற்சியாளர் போனாகப் பிடித்திருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரல. நல்ல கொணந்தான், ஆனா இதுக்கு ஆவாது. ஆம்பளக் கொரல் கேட்டா 'ராங் நம்பருங்க'ன்னு வெச்சிடுங்க. பொய்ய நீட்டினா அவன் கேள்விய நீட்டுவான். எல்லாத்துக்கும் மேல, அந்தப் பொண்ணு எப்பக் கூப்பிடச் சொல்லுதோ அப்ப மட்டும் கூப்பிடுங்க."

நாங்கள் படித்துக்கொண்டிருந்தது வழக்கறிஞர் வேலை அல்ல. குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்ணுடன் காவல் நிலையம், மருத்துவமனை, இத்தகைய வழக்குகளுக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலர், நீதிமன்றம் என்று எங்கும் உடன் போய் நிற்கும் வேலை. எங்கள் மையத்தில் அதற்குத் துணையாளர் என்று பெயர். ஓசூரில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது மையம். டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவேதான் பாடம் நடக்கும். பயிற்சியாளர் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். வழியில் சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டைக் கடக்கிறது என்றால் வகுப்பு தாமதமாகத் தொடங்கும். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவள். யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு என்றைக்கு விடுமுறை, யார் எந்த பஸ்ஸில் வருகிறார் என்பதே பல வருடங்கள் என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் எதை எடுத்தாலும் தேதி எழுதுவேன். பயிற்சியில் எனக்கு ஜோடியாக அமைந்தவர் பேரிகையில் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண். வீட்டில் தெலுங்கு, பூ மண்டியில் கன்னடம், எங்களோடு தமிழ். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஒரு நாள் என் டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்க்கா, ஊறுகா மேலயும் தேதி ஒட்டுவீங்களா? உங்க வூட்டுக்காரர் முதுகுல எந்தத் தேதி போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அதிலிருந்து வகுப்பில் எனக்குக் காலண்டர் அக்கா என்று பெயர்.

அந்த வகுப்பில் கற்றதில் பெரும்பகுதி, எதைச் செய்யக்கூடாது என்பதுதான். ஏன் இத்தனை நாள் பொறுத்தாய் என்று கேட்கக்கூடாது. பிள்ளைக்காகப் பார் என்று சொல்லக்கூடாது. எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. வீட்டை விட்டு வெளியேறுகிற நேரத்தில்தான் ஆபத்து கூடுகிறது என்பதை மறக்கக்கூடாது. எங்கள் வேலை என்ன என்பதைப் பயிற்சியாளர் ஒரே முறைதான் விளக்கினார். "பிரசவத்துக்குத் தொணைக்குப் போறவங்க மாதிரின்னு வெச்சிக்கங்க. வலி அவங்களுது. நேரமும் அவங்களுது. சுடுதண்ணி வெக்கறதுதான் நம்ம வேல." நான் அதைத் தேதியோடு எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதால் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

புரட்டாசி முடிகிற சமயத்தில், பயிற்சியாளரின் மேற்பார்வையில், ஜோடிக்கு ஒரு பெண் என்று எங்களுக்குப் பொறுப்புக் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தவள் திண்டுக்கல் பக்கத்துப் பெண். வயது முப்பதை ஒட்டி இருக்கும். பாலிடெக்னிக்கில் படித்தவள். கல்யாணத்துக்கு முன் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருந்திருக்கிறாள். மத்திகிரி பக்கம் வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில், கணவனோடும் அங்கன்வாடிக்குப் போகும் மகளோடும் இருந்தாள். அவளைப் பற்றி எழுத அவளிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

குழந்தையை விட வரும் நேரத்தில் அங்கன்வாடியின் பின்னறையில், சத்துமாவு மூட்டைகளுக்கு நடுவே அவளைச் சந்திப்போம். அங்கன்வாடி டீச்சர்தான் முதலில் மையத்துக்குத் தகவல் சொன்னவர். அந்தப் பெண் அடியைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவள் மனது முழுக்க ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இருந்தது.

"சர்ட்டிபிகேட்டெல்லாம் பீரோவுக்குள்ள இருக்குக்கா. சாவி அவரு பைக் சாவியோட சேர்ந்து தொங்கும். குளிக்கப் போனாக்கூட எடுத்துட்டுத்தான் போவாரு. போன தடவ எங்கம்மா வீட்டுக்குப் போனேன். வெறுங்கையா என்ன வேலைக்குப் போறது? அண்ணன் வீட்டுல எத்தன நாளைக்கு உக்காந்து திங்கிறது? திரும்பி வந்துட்டேன். இந்தத் தடவ பிள்ளையும் ஃபைலும் இல்லாமப் போக மாட்டேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். நாங்கள் கேட்டுக்கொண்டோம், தலையாட்டினோம், பிறகு எங்கள் வழியில் திட்டம் போட்டோம். சான்றிதழ்களைத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கலாம், முதலில் நீயும் குழந்தையும் வெளியே வந்துவிடுங்கள் என்றோம். சட்டப்படி அது சரிதான். நாள் பார்த்தோம். தீபாவளி முடிந்துவிட்டது, ரோஜாத் தோட்டத்தில் வேலை குறைவு. செவ்வாய்க்கிழமை பாதுகாப்பு அலுவலர் இருப்பார். கணவனுக்கு அந்த வாரம் முதல் ஷிப்ட் என்று அவள் சொன்னாள். அங்கன்வாடி திறந்திருக்கும், கிருஷ்ணகிரியில் பெண்கள் காப்பகத்தில் இடம் இருந்தது. எல்லாம் பொருந்திய நாளைச் சொன்னோம். அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நவம்பர் ஒன்று.

காலையில் அங்கன்வாடிக்கு எதிரே பூக்காரம்மா கடையோரம் நாங்கள் நின்றிருந்தோம். கொஞ்சம் தள்ளி எங்களுக்குத் தெரிந்தவரின் ஆட்டோ காத்திருந்தது. வடக்கேயிருந்து வந்த ஒரு லாரியின் முகப்பில் மஞ்சளும் சிவப்புமாகக் கன்னடக் கொடி கட்டியிருந்தது. அதன் பின்னால் வந்த வேனிலும் அதே கொடி. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சந்து முனையில் ஒரு பைக் திரும்பியபோதுதான் தோன்றியது. டேங்கின் மேல் குழந்தை, பின்னால் அந்தப் பெண், ஓட்டிக்கொண்டு வந்தவன் பனியனும் ஷார்ட்ஸுமாக இருந்த அவள் கணவன்.

அவன் அந்த ஆண்டு நடுவில்தான் ஓசூர் வேலையை விட்டு, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் அன்று ராஜ்யோத்சவம், கர்நாடகம் முழுக்க விடுமுறை. மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த நாள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த தேதி. இந்தப் பக்கம் வேலை நாள் என்பதால் எங்கள் யாருக்கும் அது நினைவில் இல்லை. புதுக் கம்பெனியில் அவனுக்கு அது முதல் நவம்பர். அதனால் அவளுக்கும் தெரியவில்லை.

தனியாக வராவிட்டால் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். அவள் பார்க்கவில்லை. குழந்தையை இறக்கி உள்ளே கொண்டுபோனாள். அவன் பைக்கை விட்டு இறங்காமல் முதலில் ஆட்டோவைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்தான். என் ஜோடி சட்டென்று பூக்காரம்மா பக்கம் திரும்பி, சாமந்தி முழம் என்ன விலை, இது என்ன அநியாயம், மண்டியில் இதை யாரும் சீந்துவதில்லை என்று கன்னடத்தில் சண்டைக்குப் போய்விட்டார். பூக்காரம்மாவும் விடவில்லை. அது நிஜச் சண்டையாகவே ஆகிவிட்டது. ஆட்டோக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு வண்டியைக் கிளப்பினார்.

"இன்னா சார், இன்னிக்கி வேலைக்குப் போவல?" என்று வாசலில் நின்ற டீச்சர் அவனிடம் கேட்டார்.

"அந்தப் பக்கம் லீவு டீச்சர். ஊர் பூரா கொடியும் பாட்டுமா இருக்கு. எனக்கு நல்லதாப் போச்சு, வீட்டுல உக்காந்து தூங்கலாம்."

அவன் உட்காரப்போகிற வீட்டில்தான் அவள் கட்டிய பையும் இருந்தது. கட்டி வைத்த துணிப்பை கதவுக்குப் பின்னால் இருக்கும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவள் பைக்கில் ஏறினாள். போய்விட்டார்கள். நாங்கள் போன் செய்ய முடியாது, வீட்டுப் பக்கம் போக முடியாது. கையில் தேவையில்லாத சாமந்தியோடு மையத்துக்குத் திரும்பினோம். மறுநாள் காலை டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. பையைப் பார்த்து என்ன என்று அவன் கேட்டிருக்கிறான். தேய்க்கக் கொடுக்க எடுத்து வைத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். சொன்ன சொல் நிற்கவேண்டும் என்பதற்காகத் துவைத்த துணி முழுவதையும் அன்றே இஸ்திரிக் கடைக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் பயிற்சியாளர் எங்களைத் திட்டவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு பலகையில், புதிதாக வரும் பெண்களிடம் கேட்கும் கேள்விகளின் கீழே ஒன்றை எழுதினார்: வீட்டுக்காரர் எந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்? வேறு ஊரில் இந்தக் கேள்விக்கு அர்த்தமே இருக்காது. எங்கள் ஊரில் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு மாநிலத்து விடுமுறை, அடுத்த வீட்டுக்கு வேறு மாநிலத்து விடுமுறை.

நான் பையிலிருந்து காலண்டரை எடுத்தேன். இந்த முறை இரண்டு பக்கத்து விடுமுறைகளையும் குறித்துக்கொண்டு போயிருந்தேன். பயிற்சியாளர் அதன்மேல் கையை வைத்து மூடினார்.

"போன நாள யாரு குறிச்சது?"

"எல்லாரும் பேசித்தான் மேடம்," என்றேன்.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சு?"

"சரின்னு சொல்லுச்சு," என்றார் பேரிகைக்காரர்.

"வூட்டுலயும் அது அதத்தான சொல்லிக்கினு இருக்குது?"

காலண்டரை நான் மடித்து உள்ளே வைத்தேன்.

காத்திருப்பது எனக்குக் கடினமாக இருந்தது. டைம் ஆபீஸில் வெற்றாக ஒரு கட்டம் இருந்தால் அதை நிரப்பிவிட்டுத்தான் எழுவேன். கார்த்திகை முழுக்க மழை பெய்தது. வாரம் ஒரு முறை பின்னறையில் அவளைப் பார்த்தோம். நாங்கள் நாளைப் பற்றிப் பேசவில்லை. முதல் இரண்டு வாரம் அவளும் பேசவில்லை. பிறகு அவளே கேட்க ஆரம்பித்தாள். காப்பகம் பண்டிகை நாளில் திறந்திருக்குமா? பாதுகாப்பு அலுவலரைப் பிறகு பார்த்தால் பரவாயில்லையா? பாடத்தில் படித்ததை மட்டும் சொன்னோம், தெரியாததைப் பயிற்சியாளரிடம் கேட்டு வந்து சொன்னோம். மார்கழிப் பனியில் எங்கள் பயிற்சி முடிந்தது. ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். கெட்டி அட்டை, தங்க நிற ஓரம். வீட்டுக்கு வந்து அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரிக் கதவைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

புத்தாண்டு பிறந்து முதல் வாரத்தில் அவள் நாளைச் சொன்னாள்.

"மாட்டுப் பொங்கலன்னிக்குக்கா."

பேரிகைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் வீட்டில் ஒன்பது மாடுகள். வருடத்தில் அந்த ஒரு நாள் அவர் எங்கும் நகர்வதில்லை.

"அன்னிக்கு இந்தப் பக்கம் எல்லாம் மூடியிருக்குமேம்மா," என்றேன் நான்.

"அதனாலதான்க்கா. அவருக்கு சங்கராந்தி ஒரு நா மட்டுந்தான் லீவு. மறுநா திங்கக்கிழம வேலை நாள். புதுசாச் சேந்தவங்க யாரும் லீவு கேக்கக்கூடாதுன்னுட்டாங்களாம், ரெண்டு நாளா அதச் சொல்லித்தான் கத்திக்கிட்டுருக்காரு. எங்க லைன்ல எல்லாருமே மதுரை, திருநெல்வேலி, எங்க ஊர்ப்பக்கத்து ஆளுங்க. போகிக்கு முன்னாடியே பஸ் ஏறிருவாங்க. ஹவுஸ் ஓனரு வீட்டுல மாட்டோட கெடப்பாங்க. நான் பையத் தூக்கிக்கிட்டு நடந்தா, பொங்கலுக்கு ஊருக்குப் போறேன்னுதான் பாக்குறவங்க நெனப்பாங்க."

"ஃபைலு?" என்றார் பேரிகைக்காரர்.

"அதுக்குப் போகி இருக்கு," என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்று வெளியே வந்ததும் என் ஜோடி, "மாடுங்ககிட்ட நான் பேசிக்கறேன்க்கா," என்றார்.

அந்த ஆண்டு போகி சனிக்கிழமை வந்தது, பொங்கல் ஞாயிற்றுக்கிழமை. பொங்கலன்று என் வீட்டில் பால் பொங்கியபோது நான் மத்திகிரியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. வரக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

திங்கட்கிழமை காலை அந்தச் சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. கூரை ஓரங்களில் செருகிய வேப்பிலையும் பூளைப்பூவும் வாடியிருந்தன. பூட்டிய வீடுகளின் வாசலில் பொங்கலன்றைய கோலம் கூட இல்லை. பேரிகைக்காரர் விடியுமுன் மாடுகளைக் கழுவிக் கொம்புக்கு வர்ணம் பூசிவிட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது.

"மாமியா கேட்டுச்சு, மாட்ட வுட்டுட்டு எங்கடி போறன்னு. பயிற்சின்னேன். 'மாட்டுக்கே இன்னிக்கி லீவு, உங்க பயிற்சிக்கு லீவு இல்லியா'ன்னுது."

"பயிற்சிதான் முடிஞ்சிருச்சே?"

"அது அதுக்குத் தெரியாது," என்றார். "எனக்கும் சந்தேகந்தான்."

கம்பெனி பஸ் பிரதான சாலையில் வந்து நின்றது. ஏறியவர்களில் அவனும் இருந்தான். பண்டிகை நாளில் வேலைக்குப் போகிறவர்களின் முகம் எல்லோருக்கும் ஒன்றுபோல இருந்தது. பஸ் வடக்கே போய், மேம்பாலத்தில் ஏறி, கண்ணுக்கு மறைந்தது. அதன் பிறகும் நாங்கள் நகரவில்லை. வரும் நேரத்தை அவள்தான் சொல்லியிருந்தாள்.

வந்தாள். புதுப் பாவாடையில் குழந்தை, தோளில் ஒரு பெரிய துணிப்பை, கையில் ஒரு கரும்புத் துண்டு. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், "ஊருக்காம்மா?" என்று கேட்டார். "ஆமாண்ணே," என்றாள். அவர் பெல்லை அடித்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ் நிலையத்தில் கிருஷ்ணகிரி பஸ் பாதி காலியாக இருந்தது. பின்வரிசைக்கு முன்னே அவள் ஜன்னலோரம் அமர்ந்தாள், நான் பக்கத்தில், பேரிகைக்காரர் குழந்தையோடு எதிர்ப்பக்கம். பஸ் சானமாவுக் காட்டைத் தாண்டியது. அவளிடம் கேட்க எனக்கு நிறைய இருந்தது. வகுப்பில் படித்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள்தான் பையின் அடியில் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, தானாகச் சொன்னாள்.

"போகிக்கு பீரோவ ஒதுங்க வெக்கணும்னு நான் கேக்கலக்கா. விடியக்காலையில அவரே தெறந்தாரு. வருசா வருசம் அவங்கம்மா செஞ்சது, செய்யாம விட்டா அவருக்கு ஆகாது. முன்னாடியே உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. தட்டுல விரிச்ச பழைய பேப்பர எல்லாம் உருவிக் கீழ போட்டுப் புதுசு விரிச்சேன். ஃபைலத் தொடைக்கிற மாதிரி கவுத்தேன், பழைய பேப்பரோடயே சர்ட்டிபிகேட்டும் வந்துருச்சு. காலி ஃபைல மட்டும் இருந்த எடத்துல வெச்சேன். அந்தப் பேப்பரக் கொண்டுபோய் நெருப்புல போடுன்னாரு."

"போட்டியா?"

"பேப்பரப் போட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. சூளகிரிக்கு அருகே பஸ் நின்றுவிட்டது. சலங்கையும் பலூனும் கட்டிய மாடுகளை ஊர்வலமாகச் சாலைக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். கண்டக்டர் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். குழந்தை ஒவ்வொரு கொம்புக்கும் நிறம் சொல்லிக்கொண்டு வந்தது. பேரிகைக்காரர் தன் நீல நகத்தைக் காட்டி, "இது எங்க வூட்டு மாட்டு கலரு," என்றார். அந்தப் பெண் அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க வீட்டுல மாட்டுக்குப் பொங்கல் வெக்கலயாக்கா?"

"சாய்ந்தரம் வெப்பேன். அதுங்க காத்திருக்கும். உனக்கு இன்னா அவசரம், நீ உக்காரு."

காப்பகத்து வாசலில் பயிற்சியாளர் நின்றிருந்தார். பண்டிகைப் புடவை கட்டியிருந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி, அதில் சர்க்கரைப் பொங்கல். உள்ளே போனதும் அந்தப் பெண் சான்றிதழ்களை மேசைமேல் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்றாம் பருவ மதிப்பெண் பட்டியல் இல்லை. மறுபடி பார்த்தாள், பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். பேப்பரோடு நெருப்பில் போனதோ, பீரோவிலேயே கிடக்கிறதோ, இன்றுவரை தெரியவில்லை. மற்றவற்றை மறுபடி அடுக்கினாள். "நகல் வாங்கலாம்," என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. "நகல் வாங்கிக்கலாம்ல?" என்று அவளே கேட்டாள்.

பிறகு நடந்தது எதுவும் வேகமாக நடக்கவில்லை. விடுமுறை முடிந்து பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தோம். நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாட்களில் நானும் பேரிகைக்காரரும் மாறி மாறிப் போகிறோம். அவளும் குழந்தையும் இப்போது வேறோர் இடத்தில் வீடு எடுத்து இருக்கிறார்கள். அவள் வேலைக்குப் போகிறாள். மதிப்பெண் பட்டியலின் நகல் வர அந்த ஆண்டு ஆடி ஆகிவிட்டது.

மையத்தில் அந்தக் கேள்வி இப்போதும் பலகையிலிருந்து அழிக்கப்படாமல் இருக்கிறது. புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் அது ஏன் என்று கேட்பார்கள். நான் பெயர் சொல்லாமல் சொல்வேன்.

அடுத்த நவம்பர் ஒன்றாம் தேதி, ஒரு புதன்கிழமை, காலையில் என் போன் அடித்தது. வேலை நேரத்தில் அவள் எண்ணைப் பார்த்ததும் உடனே எடுத்தேன்.

"என்னம்மா, ஏதாச்சும்...?"

"ஒண்ணுமில்லக்கா. பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன். துணி ஊறுது. சும்மாதான் கூப்பிட்டேன்."

"வேலைக்குப் போகலயா?"

"நான் அந்தப் பக்கம்ல வேலை பாக்குறேன்," என்றாள். "எனக்கு இன்னிக்கு லீவு."